நாற்பது மைக்ரான் பளபளப்பு

இரவில் பெட்ரோல் பங்க்கில், எல்.இ.டி. விளக்குக்கு அடியில் ஒரு கருப்புக் கார் வந்து நின்றால் அதன் பானெட்டைப் பாருங்கள். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய வட்டக் கோடுகள் ஓடும். பக்கத்தில் நிற்கும் வெள்ளைக் காரில் ஒன்றும் தெரியாது. கருப்புக் காரின் உரிமையாளரைக் கேட்டால், விடிகாலையில் பக்கெட்டும் துணியுமாக வந்து வண்டி துடைப்பவரைத்தான் கைகாட்டுவார். "வட்டம் வட்டமாவே தேய்ப்பார் சார், எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார்."

கீறல்களில் அவருக்குப் பங்கு இருக்கலாம். வட்டத்துக்கு அவர் பொறுப்பில்லை. ஏனென்றால் வட்டம் என்று ஒன்று அங்கே கிடையாது.

சந்தேகம் இருந்தால் செல்போன் டார்ச்சை எடுத்து பானெட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். வட்டங்கள் டார்ச்சின் பிம்பத்தைச் சுற்றி வரும். டார்ச்சை நகர்த்தினால் வட்டங்களின் மையமும் கூடவே நகரும். பானெட்டில் நிஜமாகவே வட்டமாகக் கீறியிருந்தால் அது இருந்த இடத்தில் அல்லவா இருக்கும்? அங்கே இருப்பவை எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொரு கீறலும் ஒரு நுண்ணிய பள்ளம். பள்ளத்தின் சரிவுகள் ஒளியைத் தம் நீளத்துக்குக் குறுக்காக, இரு பக்கமும் விசிறிவிடும், நீளவாக்கில் அனுப்பாது. ஆகவே விளக்கின் பிம்பத்திலிருந்து கீறலை நோக்கி ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கிடக்கும் கீறல் மட்டும்தான் நம் கண்ணுக்கு ஒளியை அனுப்பும். மற்றவை அதே இடத்தில் இருந்தும் இருட்டாகவே இருக்கும். ஒரு புள்ளியைச் சுற்றி இப்படிக் குறுக்காகக் கிடக்கும் கோடுகளை மட்டும் பொறுக்கியெடுத்தால் என்ன உருவம் வரும்? வட்டம்தான். நன்றாகத் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டிலும் இதே வட்டங்களைப் பார்க்கலாம்.

"வட்டமாகத் துடைக்காதே, நேராகத் துடை" என்கிற அறிவுரையில் அப்படியென்றால் பொருளே இல்லையா? கொஞ்சம் உண்டு. எல்லாக் கீறலும் ஒரே திசையில் கிடந்தால், விளக்கு ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் அவை தெரியும். மற்ற கோணங்களில் மறைந்துவிடும். கீறல் குறைவதில்லை, கண்ணில் படும் வாய்ப்பு குறைகிறது.

வெள்ளைக் காரும் தப்பவில்லை. அதன் மேலும் அதே அளவு கீறல் இருக்கும். வெள்ளை நிறப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை எல்லாப் பக்கமும் திருப்பி அனுப்புகிறது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே கீறல் சிதறடிக்கும் துளி ஒளி எடுபடாது. கருப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் கீறலின் மினுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. மேகம் மூடிய நாளில் கருப்புக் காரும் அழகாகத் தெரிவது இதன் மறுபக்கம்: ஒளி வானம் முழுவதிலிருந்தும் பரவலாக வரும்போது எந்தக் கீறலும் தனித்து ஒளிர்வதில்லை. ஷோரூம்காரர்களுக்கும் பழைய கார் விற்பவர்களுக்கும் இது தெரியும். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

கீறல் எதன் மேல் விழுகிறது என்று பார்ப்போம். இன்றைய காரின் தகட்டுக்கு மேல் பொதுவாக நான்கு பூச்சுகள் உண்டு. துருவைத் தடுப்பதற்காக, காரின் கூட்டை முழுசாகத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் படியவைக்கும் ஈ-கோட் அடியில். சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர், 30 முதல் 40. அதற்கு மேல்தான் நாம் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் நிறம். அது வெறும் 15, 20 மைக்ரான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாளிதழ்த் தாள் ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஆக, தகட்டுக்கு மேலுள்ள மொத்தப் பெயின்டும் இரண்டு தாள் கனம்கூட வராது. நாம் 'பளபளப்பு' என்று சொல்லும் கிளியர் கோட் அதில் பாதித் தாளுக்குச் சற்றுக் கூட.

அம்பாசிடர் காலத்தில் இந்தப் பிரிவினை இல்லை. நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. பாலிஷ் போட்டால் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு தேய்த்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. 1980களில் உலகம் முழுக்கப் பரவிய கிளியர் கோட் முறையில் அந்தச் சாட்சி போய்விட்டது. தேய்ந்து போவது நிறமற்ற பொருள் என்பதால் துணியில் எதுவும் தெரியாது. பாலிஷ் தொழிலில் நடக்கும் பாதிக் கோளாறுக்கு இதுவே காரணம் என்பேன்.

கீறல் எவ்வளவு ஆழம்? துடைப்பதால் வரும் சாதாரணக் கீறல்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள், மிஞ்சினால் இரண்டு மூன்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் என்பதால், அதோடு ஒப்பிடத்தக்க பள்ளம் ஒன்று இருந்தாலே ஒளி சிதறத் தொடங்கிவிடும். நகத்தை மெல்ல ஓட்டினால் இடறாது. கண்ணுக்கு மட்டும் தெரியும். நகம் இடறினால் அது வேறு இனம்: சாவியோ, சைக்கிள் ஹேண்டில் பாரோ, மாட்டுக் கொம்போ உரசிய ஆழமான கோடு.

ஒரே ஆழமுள்ள கீறல்களிலும் இரண்டு வகை உண்டு. மணல் துகள் மெல்ல அழுந்தி உழுதுகொண்டு போனால் பள்ளத்தின் இரு கரையிலும் பொருள் மேடாக ஒதுங்கும்; விளிம்புகள் வழவழப்பாக இருக்கும். இது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கிளியர் கோட் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைக்கப்பட்ட பிளாஸ்டிக். சூடானால் உருகாது, ஆனால் இளகும். வெயிலில் நிற்கும் கருப்பு பானெட் 60, 70 டிகிரியைத் தொடும்போது இந்த வகைக் கீறல்கள் ஓரளவு தாமே தூர்ந்துபோகும். அழுத்தம் கூடினால் பொருள் வெடித்துப் பிய்ந்துவிடும். விளிம்பெல்லாம் சில்லுச் சில்லாக இருக்கும். இது அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும், எந்த வெயிலுக்கும் ஆறாது. நிஸ்ஸான் நிறுவனம் 2005-இல் அறிவித்த, தானே ஆறும் கிளியர் கோட் இந்த முதல் வகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

இப்போது பாலிஷுக்கு வருவோம். மெக்கானிக் ஷெட்டில் தம்பி சொல்வார்: "ரெண்டு ரவுண்டு ரப்பிங் போட்டா கீறல் எல்லாம் போயிடும்ணே." போவது கீறல் இல்லை. கீறல் என்பதே ஓர் இல்லாமை. பொருள் போன இடம். இல்லாததை எப்படி எடுப்பது? எடுக்கப்படுவது கீறலைச் சுற்றி மிச்சமிருக்கும் நல்ல பெயின்ட். பலகையில் விழுந்த கத்தி வெட்டைத் தச்சர் இழைப்புளி போட்டு எடுப்பாரே, அதே வேலை: வெட்டின் அடிமட்டம் வரை முழுப் பலகையையும் இழைத்துவிட்டால் வெட்டு இருக்காது, பலகையும் அந்த அளவு மெலிந்திருக்கும். தச்சருக்கு அரை அங்குலப் பலகை கிடைக்கிறது. பாலிஷ்காரருக்குக் கிடைப்பது நாற்பது மைக்ரான்.

பொருளைத் தேய்த்தால் ஏன் பளபளப்பு வருகிறது என்பது பார்க்க எளிய கேள்வி. முந்நூறு ஆண்டுகளாகப் பெரிய தலைகளைக் குழப்பியிருக்கிறது. நியூட்டன் தன் தொலைநோக்கியின் ஆடியைத் தானே தார் போன்ற பிசின் மேல் தூளிட்டுத் தேய்த்துச் செய்தவர். 1704-இல் வெளிவந்த 'ஆப்டிக்ஸ்' நூலில் அவர் சொன்ன விளக்கம் நேரானது: மெருகிடும் தூளும் கீறத்தான் செய்கிறது, தூள் நுண்ணியதாக ஆக ஆகக் கீறலும் நுண்ணியதாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடுகிறது. அதாவது பளபளப்பு என்பது கீறலற்ற நிலை கிடையாது, பார்க்க முடியாத கீறல்களின் நிலை. 1901-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பளபளப்பைப் பற்றியே தனி உரை நிகழ்த்திய இயற்பியலாளர் ரேலி பிரபு இதை ஏற்கவில்லை. கண்ணாடியை மெருகிடும்போது பொருள் கிட்டத்தட்ட மூலக்கூறு மூலக்கூறாக அகல்கிறது, கரடான அரைப்பும் மெருகும் வேறு வேறு செயல்கள் என்றார். ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜார்ஜ் பீல்பி இன்னொரு வழியில் போனார்: மேற்பரப்பின் மெல்லிய தோல் திரவம்போல் ஓடிப் பள்ளங்களை மூடுகிறது என்றார், 1921-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். 1937-இல் ஆய்வாளர்கள் பௌடனும் ஹியூஸும் செய்த சோதனைகளில், ஒரு தூள் ஒரு பொருளை மெருகிடுமா என்பது கடினத்தன்மையைவிட உருகுநிலையைச் சார்ந்திருந்தது. உராயும் முனைகளில் கணநேரம் எழும் சூடு பெரிது என்பது அதிலிருந்து தெரிந்தது. பின்னாளில் உலோகவியலாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மெருகிட்ட பரப்பிலும் வெட்டுத் தடங்கள் வரிசையாக இருந்தன. பீல்பியின் ஓடும் தோல் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

கார் பெயின்டைப் பொறுத்தவரை நியூட்டன் பக்கம் சாய்வதே சரி. சூட்டில் இளகுவதால் கொஞ்சம் உதவி உண்டு. ஆனால் முக்கிய வேலை வெட்டுவது. இன்றைய பாலிஷ் காம்பவுண்டுகளில் இருக்கும் துகள் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தமாகக் கிடைப்பதும் இதே சேர்மம்தான்; மோஸ் கடினத்தன்மை அளவில் 9. தொழிற்சாலையில் செய்த துகளைச் சில மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரானுக்கும் கீழே வரை ஒரே சீரான அளவில் பிரித்து, தண்ணீரும் எண்ணெயும் கலந்த களிம்பில் மிதக்கவிடுகிறார்கள். சில காம்பவுண்டுகளில் துகள்கள் கொத்துக் கொத்தாக இருந்து தேய்க்கத் தேய்க்க உடைந்து சிறுக்கும். பாதியில் நிறுத்தினால் பெரிய துகளின் கீறல் மிஞ்சிவிடும். வேறு சிலவற்றில் தொடக்கத்திலிருந்தே துகள் சிறியது, உடையாது. இரண்டையும் ஒரே மாதிரிக் கையாள்பவர்கள் நிறைய.

மெஷின் விஷயத்தில்தான் இந்தத் தொழில் உண்மையில் மாறியிருக்கிறது. பழைய பாடி ஷாப்களில் இருப்பது ரோட்டரி. மோட்டார் சுற்ற, அதன் அச்சிலேயே மாட்டிய பேடும் சுற்றும். ஆறங்குல பேடை நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்குப் பன்னிரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் பெயின்டின் மேல் உரசும். மணிக்குச் சுமார் 43 கிலோமீட்டர். மையம் அசைவதே இல்லை. எனவே வெட்டு முழுக்க விளிம்பில்தான். ஒரே இடத்தில் ஓரிரு நொடி அதிகம் நின்றால் அங்கே சூடு ஏறும், பெயின்ட் வேகும். பேடின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே வளைவில் திரும்பத் திரும்ப ஓடுவதால், அந்த வளைவுகளின் தடம் வரிசை வரிசையாகப் பெயின்டில் பதியும்.

இந்தத் தடங்களைத்தான் தொழிலில் ஹோலோகிராம் என்கிறார்கள். பாலிஷ் முடிந்த காரை வெயிலுக்குக் கொண்டுவந்தால், நடக்கும்போது கூடவே அலையலையாக நகரும் ஒளிப் பட்டைகள். பெயர் மிகை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொறியாளர் வில்லியம் பீட்டி 1990களின் நடுவில், பாலிஷ் செய்த கார் ஒன்றின் பரப்பில் உள்ளே மிதப்பதுபோன்ற ஒளிக்கோடுகளைக் கண்டு யோசிக்கத் தொடங்கினார். வளைந்த கீறலில் மினுங்கும் புள்ளி இடது கண்ணுக்கு ஓரிடத்திலும் வலது கண்ணுக்கு வேறிடத்திலும் தெரிகிறது. மூளை அதை ஆழம் என்று எடுத்துக்கொள்கிறது. பள்ளிக்கூடக் காம்பஸ் ஒன்றை வைத்து அக்ரிலிக் தகட்டில் வளைவுகளைக் கீறியே முப்பரிமாண உருவங்களை வரைய முடியும் என்று அவர் செய்துகாட்டினார். லேசர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கார் உரிமையாளருக்கு இதில் மகிழ்ச்சி இல்லை என்பது வேறு கதை: சிலந்தி வலை போன்ற அந்த வட்டக் கோடுகளை எடுக்கக் காசு கொடுத்து, ஹோலோகிராமை வாங்கிக்கொண்டு போகிறார்.

டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் இந்தச் சிக்கலை எளிய தந்திரத்தால் தீர்த்தது. பேடின் அச்சு மோட்டாரின் அச்சிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். பேட் ஒரு பேரிங்கில் சுதந்திரமாகத் தொங்கும். மோட்டார் ஓடும்போது பேட் முழுவதும் சின்ன வட்டத்தில் அதிரும், அதோடு மெல்லத் தானும் சுழலும். வட்டத்தின் விட்டம் 8, 15, 21 மில்லிமீட்டர் என்று மெஷினுக்கு மெஷின் மாறும். 15 மில்லிமீட்டர் மெஷின் நிமிடத்துக்கு 4,500 முறை அதிர்ந்தால், மையம் உட்பட எல்லாப் புள்ளியும் நொடிக்கு மூன்றரை மீட்டர் ஓடுகிறது. ரோட்டரியின் விளிம்பு வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் பரப்பு முழுக்கச் சீராக. இரண்டு அசைவும் கலப்பதால் எந்தத் துகளும் போன தடத்தில் திரும்பப் போகாது. வரிசையான தடம் இல்லையென்றால் ஹோலோகிராமும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்திப் பிடித்தாலோ வளைந்த பரப்பில் பேடின் ஒரு பக்கம் மட்டும் பட்டாலோ சுழற்சி நின்றுவிடும். சத்தம் அப்படியே இருக்கும், அதிர்வும் இருக்கும், வெட்டு மட்டும் பெரும்பாலும் நின்றிருக்கும். அனுபவமுள்ளவர்கள் பேட் மாட்டும் தட்டின் விளிம்பில் கருப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள். வேலை செய்யும்போது அந்தக் கோடு மங்கலாகச் சுற்றிவருகிறதா, ஓரிடத்தில் நின்று நடுங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு கடையில் வேலை தெரிந்தவர் இருக்கிறாரா என்று அறிய விளம்பரப் பலகையைவிட இந்த மார்க்கர் கோடு நல்ல அடையாளம்.

வேலை நடக்கும் விதம் பார்ப்பதற்குச் சலிப்பூட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். வண்டியை நன்றாகக் கழுவி, கிளே உருண்டையால் தேய்த்து ஒட்டியிருக்கும் தாரையும் இரும்புத் துகளையும் எடுத்த பிறகுதான் மெஷினையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேட் அவற்றையே இழுத்துக்கொண்டு கீறும். பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் ரப்பர் பீடிங்குக்கும் மாஸ்கிங் டேப். பேடில் பட்டாணி அளவில் நான்கு சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி பரப்பில் மெதுவாக, ஒரு கைநீளம் போக நான்கைந்து நொடி ஆகும் வேகத்தில், இடம் வலமாக ஒரு முறை, மேல் கீழாக ஒரு முறை. பிறகு துடைத்து, விளக்கடித்துப் பார்ப்பது. முதல் இடம் சோதனைக்கு: மென்மையான பேடும் நுண்ணிய பாலிஷும் போதுமா என்று அங்கேதான் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் ஒரு படி ஏறலாம். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. இருப்பதிலேயே முரட்டுக் காம்பவுண்டில் தொடங்கி, அது விட்ட தடத்தை எடுக்க அடுத்தது, அதன் தடத்தை எடுக்க இன்னொன்று. பளபளப்பு ஒன்றுதான், போன மைக்ரான் கணக்குதான் வேறு.

அந்தக் கணக்கு எவ்வளவு? நுண்ணிய பாலிஷ் ஒரு முறை போட்டால் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள் போகும். முரட்டுக் காம்பவுண்டும் கம்பளி பேடும் சேர்ந்தால் மூன்று, நான்கு மைக்ரான் எளிதில் போய்விடும். 2,000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டால் அதைவிட அதிகம். கையடக்கக் கருவி ஒன்றால் பெயின்டின் கனத்தை அளக்கலாம். இரும்புத் தகட்டில் காந்தத் தூண்டலாலும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டத்தாலும் அது தகட்டுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும். அளப்பது மொத்தக் கனம். அதில் கிளியர் கோட் எத்தனை என்று சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் உலோகமே இல்லாததால் வேலையும் செய்யாது; அதற்கு மீயொலிக் கருவி வேண்டும், விலை அதிகம். அப்படியும் இந்தக் கருவிக்கு ஒரு நல்ல பயன் உண்டு. காரின் எல்லா இடத்திலும் 110, 115 காட்டிக்கொண்டு வந்து ஒரு கதவில் மட்டும் 260 காட்டினால் அந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. 600, 800 என்று போனால் கீழே பட்டி இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் 80 என்று இறங்கினால் மெஷினைத் தள்ளி வைத்துவிட வேண்டும். யாரோ ஏற்கெனவே தாராளமாகத் தேய்த்திருக்கிறார்கள்.

விளிம்புகள் தனி ஆபத்து. ஈரமான பெயின்ட் காயும்போது அதன் பரப்பு இழுவிசை கூர்மையான மடிப்புகளிலிருந்து பெயின்டைப் பின்னுக்கு இழுத்துவிடும். ஆகவே பானெட்டின் வரிமடிப்பிலும் கதவின் ஓரத்திலும் கனம் பிறவியிலேயே குறைவு. தட்டையான இடத்தில் முழு பேடும் தாங்கும் அழுத்தம் அங்கே ஒரு கோட்டின் மேல் விழும். கனம் குறைந்த இடத்தில் வெட்டு அதிகம். நிறம் வெளுத்துப் பிரைமர் எட்டிப்பார்க்கும் கார்களைப் பாருங்கள், பெரும்பாலும் இந்த மடிப்புகளில்தான்.

கிளியர் கோட் மெலிந்தால் என்ன, கண்ணுக்குப் பளபளவென்றுதானே இருக்கிறது என்று கேட்கலாம். கிளியர் கோட்டுக்கு உள்ளே புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. கனம் குறையக் குறைய, ஊடுருவிக் கீழே போகும் கதிரின் பங்கு படிப்படியாக ஏறும். அடியிலுள்ள நிறமும் இரண்டு பூச்சுகளுக்கு இடையிலுள்ள பிடிப்பும் வலுவிழக்கும். பத்துப் பதினைந்து வருடக் கார்களின் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டாகப் பூத்து, ஓரம் உரிந்து நிற்கிறதே, அது கிளியர் கோட் இறந்துபோன இடம். வெயில் நேராக விழும் பரப்புகளில் மட்டும் வருவதைக் கவனியுங்கள். அதற்குப் பாலிஷ் கிடையாது. பெயின்ட் அடிப்பதுதான் வழி.

மலிவுப் பாலிஷ் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மழையில் நனைந்த பழைய கார் புதிதுபோல் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலிருந்து கிளியர் கோட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பும். கிளியர் கோட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்பதன் விளைவு அது. பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தால், தண்ணீரின் எண் 1.33 என்பதால், பள்ளத்தின் சுவரில் திரும்புவது நூற்றுக்கு 0.4-க்கும் கீழே போய்விடும். கீறல் இருக்கிறது, ஒளிக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குப் பதில் 1.5-ஐ ஒட்டிய எண்ணுள்ள எண்ணெயோ மெழுகோ நிரப்பினால் கீறல் முழுக்க மறையும், காய்ந்தும் போகாது. அரை மணியில் 'ஸ்கிராட்ச் ரிமூவல்' என்று செய்யப்படுபவை பலவும் இதுதான். நான்கைந்து கழுவலில் எண்ணெய் போனதும் வட்டங்கள் பழையபடி வந்துவிடும். தவறென்று சொல்ல மாட்டேன். பெயின்ட் ஒரு மைக்ரான்கூடக் குறையவில்லை, விற்கப்போகிற காருக்கு இது போதும். மெஷின் பாலிஷ் என்று சொல்லி இதற்குக் காசு வாங்குவதுதான் தவறு. தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒரு முறை துடைத்துவிட்டு டார்ச் அடித்தால் உண்மை தெரிந்துவிடும். காசு கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள், மறுக்கும் கடை எது என்றும் தெரியும்.

பாலிஷ் முடிந்ததும் அடுத்த பேச்சு செராமிக் கோட்டிங். "9ஹெச் ஹார்ட்னஸ் சார், கீறலே விழாது." இந்த 9ஹெச் பென்சில் கணக்கு. குறிப்பிட்ட எடையில், 45 டிகிரிச் சாய்வில், மென்மையான பென்சிலிலிருந்து கடின பென்சில் வரை ஒவ்வொன்றாகப் பூச்சின் மேல் தள்ளிப் பார்த்து, கீறாமல் போகிறவற்றில் மிகக் கடினமானதன் எண்ணைத் தருவது. கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த 9ஹெச் பென்சிலுக்கும், மோஸ் அளவில் 9 வாங்கும் குருந்தத்துக்கும் எந்த உறவும் இல்லை. சாலைத் தூசியில் நிறைந்திருக்கும் மணல் குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7, ஜன்னல் கண்ணாடியையே கீறும். ஓரிரு மைக்ரான் கனமுள்ள கோட்டிங் அதன் முன் நிற்காது. கோட்டிங்கின் நிஜப் பயன் வேறு: தண்ணீரும் சேறும் ஒட்டாமல் வழுக்கி ஓடும், அதனால் தேய்க்க வேண்டிய தேவை குறையும். கீறலை நேராகத் தாங்குவது 150, 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரிதேன் ஃபிலிம்தான். அதன் விலையைக் கேட்டால் கீறலோடு வாழப் பலர் பழகிக்கொள்வார்கள்.

கடைசியில் எல்லாம் அந்தக் காலைத் துடைப்புக்கே வந்து நிற்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் வரிசையாக நிற்கும் வண்டிகளை எல்லாம் துடைக்கும்போது, முதல் காரின் மணல் கடைசிக் காருக்குப் போய்ச் சேருகிறது. வெறும் காய்ந்த துணியால் தூசி தட்டுவது அதைவிட மோசம். ஒர்க்‌ஷாப்களில் புழங்கும் பனியன் வேஸ்ட் துணியில் தையலும் பிசிறும் இருக்கும். ஆயிலைத் துடைக்க அருமை, பெயின்டுக்கு ஆகாது. தூசியை முதலில் தண்ணீர் பீய்ச்சி ஓடவிட்டு, ஷாம்பு நுரையோடு, சோப்புத் தண்ணீருக்கு ஒரு பக்கெட்டும் துணியை அலச இன்னொரு பக்கெட்டும் வைத்துக்கொண்டு கழுவினால் கீறல் பெருமளவு குறையும். மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு இதையெல்லாம் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டாவது பக்கெட்டையும் நாலு மைக்ரோஃபைபர் துணியையும் நாமே வாங்கிக் கொடுக்கலாம். தண்ணீருக்கு வழியில்லாத நாளில், அழுக்கோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். நின்றுகொண்டிருக்கும் தூசி பெயின்டைக் கீறுவதில்லை, அதைத் துணியால் இழுப்பதுதான் கீறும்.

சர்வீஸுக்கு விடும்போது இன்னொரு வேலை இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இலவசமாகக் கழுவித் தருவார்கள். பகல் முழுக்க எல்லா வண்டிக்கும் அதே துணி, அதே தூரிகை. போன வாரம் பாலிஷ் போட்ட கார் என்றால், ஜாப் கார்டு எழுதும்போதே 'வாஷ் வேண்டாம்' என்று எழுதச் சொல்லி, எழுதிவிட்டார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.